பேசினால் உப்பு

மரக்காணம் வட்டாரத்தில் கன்னியப்பனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் முதுகைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தாலி கட்டும் நேரம் பார்த்து மேடைக்கு முன்னால் கேமராவோடு வந்து நின்று, மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தாலியை மறைக்கிற அகலமான முதுகு அது. கடைத்தெருவில் அவருக்கு ஒரு வீடியோ ஸ்டுடியோ. அப்படிப்பட்டவர் ஆவணி மாதத்து ஒரு சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். அடுத்தவன் கல்யாணத்தை எடுத்தே ஆயுசு போய்விட்டது, இனி சொந்தமாக ஒரு குறும்படம் எடுக்கப் போகிறார். அதுவும் எதிர்காலத்தைப் பற்றி. பார்க்கிறவன் தனியாக வீட்டுக்குப் போக யோசிக்கிற மாதிரி. புதுச்சேரியில் ஒரு போட்டி இருக்கிறது, அதற்கு அனுப்பப் போகிறார்.

மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி செந்தமிழ் தலையைத் தூக்கவில்லை.

"எடுங்க. நல்லாத்தான் இருக்கும். ஆரோவில் விஷயம் என்னாச்சு?"

"நான் என்னா பேசறேன், நீ என்னா கேக்கற?"

"நீங்க பேசறது எதிர்காலம். நான் கேக்கறது இந்த மாசக் கடசி."

ஆரோவில் விஷயம் ஒன்றும் ரகசியம் இல்லை. செந்தமிழ் தைக்கிற ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம் ஒரு சுருக்கம் விழாது. ஆரோவில்லில் துணி தைத்து வெளியூருக்கு அனுப்புகிற யூனிட் ஒன்றை நடத்தும் அஸ்வினி என்கிற பெண் அதைப் பார்த்துவிட்டாள். தையல் பகுதி முழுவதையும் கவனித்துக்கொள்ள வரச் சொன்னாள். ஆவணி முடிவதற்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டாள். மகள் நிவேதா நர்சிங் படிக்கப் புதுச்சேரி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து செந்தமிழுக்கு வீட்டில் பகல் நகரவே மாட்டேன் என்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடுகிற வேலைதான்.

கன்னியப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செந்தமிழ் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். அவர் 'பாக்கலாம்' என்றார். பல் விளக்கும்போது கேட்டாலும் பாக்கலாம், சோற்றில் ரசம் ஊற்றும்போது கேட்டாலும் பாக்கலாம். அந்த வார்த்தையைப் பிடித்து இழுக்க ஒரு நுனி கிடையாது.

ஏன் அப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தெரிந்த நாம் சொல்லலாம். மனுஷனுக்குப் பயம். விடிந்ததும் காபியும் செந்தமிழின் பேச்சும் ஒன்றாகத்தான் அவருக்கு வந்து சேரும். பக்கத்து வீட்டுப் பூனை முதல் பார்லிமெண்ட் வரைக்கும் அவள் பேசாத விஷயம் இல்லை. அவர் அதில் பாதியைக் காதில் வாங்கமாட்டார். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவள் பஸ் ஏறிப் போய், அங்கே நாலு பேர் அவளை மேடம் என்று கூப்பிட்டு, அவளுக்குப் பேச அங்கேயே ஆள் கிடைத்துவிட்டால் தனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். இதை வாய்விட்டுச் சொல்கிற ஆம்பிளை அந்தத் தெருவில் யாரும் இல்லை. அவர் மட்டும் எப்படிச் சொல்வார்.

செந்தமிழ் கேட்காமலேயே போயிருக்கலாம்தான். அதையும் அவள் சொல்லிவிட்டாள். "நான் பாட்டுக்குக் கெளம்பிட்டா, அப்பறம் பஸ் அர மணி லேட்டானாலும் உங்க மூஞ்சியப் பாக்கணும். அதெல்லாம் வேணாங்க. நாலு பேரு முன்னாடி போய்ட்டு வான்னு ஒரு தடவ சொல்லுங்க. அதுக்கப்பறம் என்னிய யாரும் கேள்வி கேக்கக் கூடாது, நீங்க உட்பட."

"பாக்கலாம்," என்றார் கன்னியப்பன்.

படத்துக்குக் கதை ஸ்டுடியோவுக்கு அடுத்த கடையில் உருவானது. அது முஹம்மது யூசுப்பின் செல்போன் கடை. யூசுப் குவைத்தில் பல வருஷம் இருந்து திரும்பியவர், அங்கே வெள்ளிக்கிழமை தோறும் ரூமில் படமாகப் பார்த்துத் தள்ளியவர். கேமரா பிடிக்க அவரே முன்வந்தார்.

"ஏம்பா கன்னி, பயப்படறதுக்கு ஒரு பேய் வேணும். சயின்ஸுக்கு ஒரு மிஷின் வேணும். எதிர்காலம்னா ஒரு கொடுமக்கார சர்க்கார் வேணும். நம்ம கையில என்னா இருக்குது?"

"உப்பு இருக்குது பாய்."

அந்த ஒரு வார்த்தையிலிருந்து கதை முளைத்தது. இரண்டாயிரத்துத் தொண்ணூறு. கடல் பொங்கி ஊருக்குள் வந்துவிட்டது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. பேசினால் வாய் உலரும், வாய் உலர்ந்தால் தண்ணீர் கேட்கும். அதனால் நாட்டை ஆளும் வாரியம் யாரும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டுவிடுகிறது. பேசுவதற்கு உரிமை உள்ளவர் ஒரே ஒருவர், வாரியத்து விசாரணை அதிகாரி. சட்டத்தை மீறிப் பேசுகிறவனைத் தேடிக்கொண்டு உப்புப் பாத்திக்குள்ளிருந்து எழுந்து வருகிறது உப்பன் என்கிற அரக்கன். அது தொட்டால் ஆள் உப்புக் குவியலாகிவிடுவான். மரக்காணத்து உப்பளத்தில் வரிசை வரிசையாக நிற்கிற வெள்ளைக் குவியல்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வாய் திறந்து பேசிய ஒரு மனுஷன்.

சொல்லி முடித்ததும் இருவருக்குமே மயிர் கூச்செறிந்தது. யூசுப் எழுந்து போய்க் கடையின் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார்.

அப்போதுதான் கன்னியப்பனின் மூளையில் இன்னொரு விளக்கு எரிந்தது. கதாநாயகி படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த வேஷத்தைச் செந்தமிழுக்குக் கொடுத்தால் என்ன. பெரிய பெரிய நடிகைகள் எல்லாம் வேஷத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். இவள் ஷூட்டிங் வரைக்கும் வீட்டில் பேசாமல் பழகட்டும். ஷூட்டிங்கை ஆவணி கடைசி நாளில் வைத்துவிட்டால் போதும். அன்றைக்குச் சாயங்காலம் 'பேக்கப்' சொல்லும்போது ஆரோவில்லுக்குப் பதில் சொல்கிற கெடுவும் முடிந்திருக்கும். வேண்டாம் என்று அவர் சொன்னதாகவும் ஆகாது, போ என்று சொன்னதாகவும் ஆகாது. இத்தனை அழகான யோசனை தனக்கு வந்ததே என்று அன்றைக்கு அவர் தன்னையே இரண்டு மூன்று தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி வேஷத்துக்கு ஒரு கூத்துக்காரரிடம் போனில் சொல்லி வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே கதையைச் செந்தமிழுக்குப் படித்துக் காட்டினார். அவள் காஜா போடுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கடைசிக் காட்சி வந்தது. பேசிவிட்ட நாயகன், உப்புக் குவியலுக்கு முன்னால் மண்டியிட்டு, வலது உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விசாரணை அதிகாரி மூன்று கேள்வி கேட்கிறார். பேசியது நீதானா, தண்ணீரைத் திருடியது நீதானா, தண்டனையை ஏற்றுக்கொள்கிறாயா. நாயகன் வாயைத் திறக்காமல் மூன்றுக்கும் தலையாட்டுகிறான்.

"கையில உப்ப வெச்சிக்கிட்டா தலையாட்டறாரு?" என்று கேட்டாள் செந்தமிழ்.

"ஆமா. நல்ல விஷுவல்."

"எங்க பாத்தீங்க இத?"

உப்பளத்தில்தான் பார்த்தார். போன வருஷம் ஒரு பூஜைக்கு வீடியோ எடுக்கப் போனபோது, உப்பு வாருகிறவர்கள் இரண்டு பேருக்குள் ஏதோ தகராறு. ஒருவன் ஒரு பிடி உப்பைக் கையில் ஏந்திக்கொண்டு தலையாட்டினான், உடனே எல்லோரும் கலைந்து போனார்கள். வெயிலில் அந்தக் கை பளபளத்தது அவர் கண்ணிலேயே நின்றுவிட்டது. என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. இருபது வருஷமாக ஊரார் கொடுக்கிற வாக்கையெல்லாம் படம் பிடிப்பவர். ஒன்றையும் காதில் வாங்கியதில்லை, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

செந்தமிழ் சிரித்தாள். பேசாமல் பழக வேண்டும் என்று சொன்னதற்கும் மறுப்பு இல்லை. "நாளைக்குக் காலைலேருந்து ஆரம்பிக்கறேங்க. ஷூட்டிங் முடியற வரைக்கும் ஒரு வார்த்த பேசமாட்டேன். நீங்களா பேச வெச்சாலும் பேசமாட்டேன்," என்றாள். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்தால் புத்தியுள்ளவன் சந்தேகப்படுவான். கன்னியப்பன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்தது. காபி வந்தது. பேச்சு வரவில்லை.

முதல் நாள் அவருக்குச் சொர்க்கமாகத்தான் இருந்தது. பேப்பரைத் தலைப்பிலிருந்து அச்சகத்து முகவரி வரைக்கும் படித்தார். இரண்டாவது நாள் திண்டிவனத்தில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறியதும் கேமராவை ஆன் பண்ணினார், அது ஆன் ஆகவில்லை. பேட்டரியில் சார்ஜ் இல்லை. மாற்று பேட்டரியிலும் இல்லை. ஆர்டர் இருக்கிற நாளெல்லாம் 'சார்ஜ் போட்டீங்களா' என்று ஒரு குரல் கேட்கும், இவர் எரிச்சலோடு எழுந்து போய்ப் போடுவார். அந்தக் குரல் இல்லாததால் எரிச்சலும் இல்லை, சார்ஜும் இல்லை. பெண்ணின் தாய்மாமன் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை. வீட்டுக்கு வந்து செந்தமிழிடம் குமுறினார். அவள் கதைப் பேப்பரை எடுத்து வந்து, 'பேசினால் உப்பு' என்ற தலைப்பை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று அவருக்குத் தெரியாது. மகளுக்கு என்றைக்குப் பரீட்சை என்று தெரியாது. நீலச் சட்டை எந்த அலமாரியில், பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில், எதுவும் தெரியாது. அவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதாக நினைத்திருந்தார். அது வானொலி மாதிரி யாரோ வாசிக்க வாசிக்க நடந்துகொண்டிருந்திருக்கிறது.

செந்தமிழ் கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. அவள் சிரித்த முகமாக இருந்தாள். நேரத்துக்குச் சாப்பாடு போட்டாள். அரக்கன் உடுப்புக்குச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, மேலே உப்பைக் கரைத்துப் பூசிக் காய வைத்தாள். அது முற்றத்தில் நிற்பதைப் பார்த்துப் பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். விசாரணை அதிகாரியின் மார்பில் மாட்ட, இட்லித் தட்டு ஒன்றைக் கம்பியில் கோத்துக் கொடுத்தாள். அதன் நடுவில் சிவப்பு விளக்கு எரிந்தபோது வாரியம் நிஜமாகவே பயங்கரமாக இருந்தது. வேலையில் ஒரு குறை இல்லை. பேச்சுதான் இல்லை.

ஒரு மத்தியானம் கன்னியப்பன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நின்ற இடத்தில் வழக்கமாக ஒரு வாக்கியம் வரும். வரவில்லை. அவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அவர் ஸ்டுடியோவில் இருக்கிற பகல் முழுக்க இவளுக்கு வீடு இப்படித்தான் இருந்திருக்கும். மகள் போனதிலிருந்து தினமும் இப்படித்தான். சாயங்காலம் அவர் வந்ததும் அவள் கொட்டித் தீர்த்ததெல்லாம் பகல் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு. அதையும் அவர் பாதிதான் கேட்டார். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய், "ஏதாவது பேசேன் செந்தமிழ்," என்று கெஞ்சினார். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

ஆவணியின் கடைசி நாள் வந்தது. உப்பளம் கண் கூசுகிற வெளுப்பில் கிடந்தது. ஆனால் கடல் பக்கம் மேகம் கட்டிவிட்டது. மறுநாள் காலையிலேயே எல்லாக் குவியலையும் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டார் அளத்துக்காரர். ஒரு மழை விழுந்தால் பாத்திகள் வெறும் குட்டையாகிவிடும், அடுத்த தை வரைக்கும் அந்த வெளுப்பு கிடைக்காது. எடுத்தால் இன்றைக்கு எடுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஆள் கொடுத்தது வேலம்மாள். செந்தமிழின் சித்தி, உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரி. காலை வேலை முடிந்ததும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, மூக்கு வரைக்கும் துணி கட்டி வரிசையாக நிறுத்திவிட்டாள். மக்கள் வாய் கட்டப்பட்ட நாடு என்று காட்ட அதைவிட வேறு உடை தேவைப்படவில்லை. நாயகன் வேஷம் கன்னியப்பனுக்கே. சாக்கு உடுப்பு வேறு யாருக்கும் பொருந்தாததால் அரக்கன் வேஷமும் அவருக்கே. அதனால் படத்தில் நாயகனும் அரக்கனும் கடைசி வரைக்கும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

மத்தியானத்துக்குள் செந்தமிழின் காட்சிகள் முடிந்தன. அவள் ஓடினாள், திரும்பிப் பார்த்தாள், நாயகனைத் தேடி வந்த அரக்கனின் கை பட்டு உப்புக் குவியலாக மாறினாள். கேமராவுக்குப் பின்னால் இருந்த யூசுப், இந்தப் பொண்ணு கண்ணாலயே பேசுதுப்பா என்று வியந்தார். வேலம்மாளின் ஆட்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி. அதற்கு விசாரணை அதிகாரியாக வர வேண்டியவர் சடையப்பன். கூத்துக்காரர். மைக் இல்லாமல் பேசினால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கிற குரல். அவரைக் காணவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மற்ற நாளாக இருந்தால் வர வேண்டியவர்களுக்கெல்லாம் முந்தின நாளே போன் போட்டு நினைவுபடுத்துவது செந்தமிழ். அவள்தான் பேசாமல் இருக்கிறாளே. கன்னியப்பனுக்கு அது தோன்றவே இல்லை.

சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. குவியல்களின் நிழல் நீண்டது. வாரும் பெண்களில் யாரையாவது அதிகாரியாக நிற்கச் சொன்னால் எல்லோரும் துணிக்குள் முகத்தை இன்னும் இழுத்துக்கொண்டார்கள். யூசுப் அடிக்கடி வானத்தைப் பார்த்தார். கன்னியப்பன் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷத்தில் தனக்கென்று எடுத்த ஒரே படம், முடிவில்லாமல் நிற்கப்போகிறது.

அப்போது செந்தமிழ் வந்து முன்னால் நின்றாள். தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இட்லித் தட்டைக் காட்டினாள்.

"நீயா? வசனம் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினாள். கன்னியப்பனுக்கு உயிர் வந்தது. அவள் வேஷம்தான் முடிந்துவிட்டதே, இனி பேசினால் என்ன. கறுப்புப் போர்வையைப் போர்த்தி, தட்டை மாட்டி, விளக்கைப் போட்டதும் பக்கத்தில் நின்ற யூசுப்பே ஓர் அடி தள்ளி நின்றார்.

கன்னியப்பன் மண்டியிட்டார். வலது உள்ளங்கையில் ஒரு பிடி உப்பு. சூரியன் குவியலின் உச்சியைத் தொட்டுவிட்டது. ஒரே டேக், நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அடுத்ததற்கு வெளிச்சம் இல்லை, எது நடந்தாலும் வாயைத் திறக்காதே என்று யூசுப் எச்சரித்துவிட்டுக் கேமராவை ஓடவிட்டார்.

"பேசினது நீதானா?" என்றாள் செந்தமிழ்.

இத்தனை நாள் பூட்டிக்கிடந்த குரல். கொஞ்சம் கரகரத்து, அடியிலிருந்து வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கன்னியப்பனை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. வாரியம் யாரையும் 'நீங்க' என்று கூப்பிடாது என்று எழுதி வைத்தவர் அவரே. தலையாட்டினார்.

"தண்ணியத் திருடினது நீதானா?"

தலையாட்டினார்.

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"கடசி கேள்வி. உன்கூட இத்தன வருஷமா பேசிக்கிட்டிருந்தவ ஒருத்தி. அவளுக்கு வெளிய ஒரு வேல வந்திருக்குது. பொங்கல்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கா, நீ பதிலே சொல்லல. இன்னிக்கித்தான் கெடு. கையில உப்பு இருக்குது. இங்க நிக்கற எல்லார் முன்னாலயும் சொல்லு. முழு மனசோட அவள அனுப்பறியா?"

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். வாரும் பெண்கள் அசையவில்லை. வேலம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யூசுப் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் டேக் போச்சு, படம் போச்சு. இல்லை என்று தலையை ஆட்டினால் பேசாமலேயே மறுத்துவிடலாம், அதற்கு வழி இருந்தது. அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பத்தான் பார்த்தார். எதிரில் இட்லித் தட்டுக்கு மேலே செந்தமிழின் கண் இருந்தது. அது நடிக்கவில்லை. அது பதிலுக்குக் காத்திருந்தது. 'பாக்கலாம்' என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அது இப்படித்தான் காத்திருந்திருக்கும், அவர்தான் பார்க்கவில்லை. மத்தியான வீட்டின் அமைதி அவர் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் ட்ரைபாடு கீறிய உள்ளங்கையில் உப்பு பட்டு எரிந்தது.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அது உப்பாலா என்று அவருக்கும் தெரியாது.

"கட்," என்றார் யூசுப். "மாஷா அல்லா. ஏம்பா கன்னி, இந்த நடிப்ப இத்தன நாளு எங்க வெச்சிருந்த?"

கன்னியப்பன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். சுற்றிலும் ஆள் இருக்கவே மீசை பழைய நிலைமைக்கு வந்தது. வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றலாமா என்று அதட்டினார். அது கதைக்காக ஆட்டிய தலை, கதைக்கு வெளியே செல்லாது என்றும் சொல்லிப் பார்த்தார்.

வேலம்மாள் முகத்துத் துணியை அவிழ்த்தாள். "மாப்ள, நீங்க பெருமுக்கல் பக்கத்து ஆளு, உங்களுக்கு இது தெரியாது. இங்க உப்பக் கையில வெச்சிக்கிட்டுத் தலையாட்டினா அது வாக்கு. கேமரா ஓடிச்சா ஓடலியான்னு உப்புக்குத் தெரியாது. எங்க ஆளுங்க இதுல சண்டையவே முடிச்சிட்டுப் போறாங்க, நீங்க ஒரு பஸ்ஸுக்குப் போய் பின்வாங்கறீங்க?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் இனிமேலும் தான்தான் வீடியோ எடுத்துப் பிழைக்க வேண்டும் என்பது கன்னியப்பனுக்கு நினைவு வந்தது. அதோடு, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோமே, அவருக்குப் பெரிதாகப் பின்வாங்க மனமும் இல்லை. தோற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது கௌரவத்துக்கு நல்லது என்று வைத்துக்கொண்டார். செந்தமிழ் அங்கேயே, இட்லித் தட்டைக்கூடக் கழற்றாமல், அஸ்வினிக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். கன்னியப்பன் வழக்கத்துக்கு விரோதமாக முழுவதையும் கேட்டார்.

அவள் வேலைக்குப் போன முதல் நாள், மழை பிடித்துக்கொண்டது. கன்னியப்பன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குடை பிடித்துக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார். ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்தக் கடைசி டேக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. எதை வெட்டினாலும் தன் தலை ஆடுவது மட்டும் மிச்சம் இருந்தது. மத்தியானம் அவள் கட்டி வைத்த டப்பாவைத் திறந்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. மனைவி மேல் கோபப்பட இனி வழியில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அன்றைக்கு வராமல் போன அந்தக் கூத்துக்காரன்தான். அவன் வந்திருந்தால் மூன்றாவது கேள்வி எழுதியபடியே நடந்திருக்கும். சடையப்பனுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை எடுத்தார்.

"என்னா சடையப்பா, நம்பி இருந்தா இப்படியா காலை வாருவ? அன்னிக்கு ஏன் வரல?"

"நான் எப்படிண்ணே வர்றது? அண்ணிதான் வர வேணாம்னு சொல்லிட்டாங்களே. கடசி கேள்விய அவங்களே கேட்டுக்கறேன்னாங்க. அன்னிக்கு நீங்க கூப்புடுவீங்க, போன அணைச்சு வெச்சிடுங்கன்னும் சொன்னாங்க."

கன்னியப்பன் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார்.

"அவ எப்பய்யா சொன்னா? அவதான் வாயே தொறக்கலியே."

"நீங்க அவங்களுக்குக் கதையப் படிச்சுக் காட்டினீங்களே, அன்னிக்கு சாயங்காலமேண்ணே."